வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் மட்டும் போதுமா?

ஒருவருக்கு வலிப்பு வந்துவிட்டால் நம் பக்கத்தில் முதலில் தேடப்படுவது இரும்புச் சாவி. பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தேயிலைத் தோட்ட லயங்களிலும், மலைக்குக் கீழே போடி, கம்பம் பேருந்து நிலையங்களிலும் இந்தக் காட்சியைப் பார்த்திராதவர்கள் குறைவு. யாரோ ஒருவர் சாவிக்கொத்தை நீட்டுவார். விழுந்தவரின் கையில் அதைத் திணிப்பார்கள். ஒன்றிரண்டு நிமிடங்களில் உடல் தளரும். 'இரும்பு பட்டதும் நின்றுவிட்டது' என்று சொல்லிக்கொண்டே கூட்டம் கலையும்.

சாவிக்கும் வலிப்பு நின்றதற்கும் தொடர்பில்லை என்பதை நாம் வகுப்பறையில் சொல்லிக்கொடுக்கிறோம். சொல்லவும் வேண்டும். ஆனால் அந்தக் கூட்டம் கவனித்ததில் ஓர் உண்மை இருக்கிறது. பெரும்பாலான வலிப்புகள் எவர் தலையீடும் இன்றித் தாமாகவே நிற்கின்றன. கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு எரியும்போது, அந்த எரிதல் ஏன் மூளை முழுவதும் பரவி மணிக்கணக்கில் நீடிப்பதில்லை? அதை எது அணைக்கிறது? கூட்டம் தவறான விடையைச் சொன்னது. ஆனால் சரியான கேள்வியின் அருகில் நின்றது. நம் பாடநூல்களோ வலிப்பு எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன.

இந்தப் பதிவின் வாதத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வலிப்பு பெருமூளைப் புறணியில் வெளிப்படுகிறது. ஆனால் அது தொடங்குமா, பரவுமா, நினைவைப் பறிக்குமா, எப்போது நிற்கும் என்பவற்றில் புறணிக்குக் கீழே ஆழத்தில் இருக்கும் பகுதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த ஆழ்பகுதிகளின் நிலையை ஒவ்வொரு நாளும் மாற்றுவது உறக்கமும் விழிப்பும். ஆகவே வலிப்பு நோயாளியின் உறக்கத்தையும் வேலை நேரத்தையும் கேட்காத மருத்துவமும், அவற்றைப் பதிவுசெய்யாத ஆய்வும் நோயின் ஒரு பாதியை மட்டுமே பார்க்கின்றன. கேரள எல்லையோரத் தமிழ் உழைப்பாளிகள் விஷயத்தில் இது வெறும் கோட்பாட்டுக் குறை அன்று.

முதலில் புறணிப் பார்வைக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். 1873இல் இலண்டன் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன், வலிப்பு என்பது மூளையின் சாம்பல்நிறப் பொருளில் அவ்வப்போது திடீரென நிகழும் மிகையான மின்னிறக்கம் என்று வரையறுத்தார். பேய், சாபம், பாவம் என்ற விளக்கங்களிலிருந்து நோயை மீட்ட வரையறைகளில் அது முதன்மையானது. 1929இல் ஜெர்மானியரான ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை மண்டைக்கு வெளியிலிருந்து பதிவுசெய்து வெளியிட்டபின், அந்த மின்னிறக்கத்தைக் காகிதத்தில் காண முடிந்தது. கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு, விழித்திருக்கும் நோயாளிகளின் புறணியை மின்முனையால் தொட்டு, வலிப்பின் பிறப்பிடத்தைத் தேடி அகற்றினார்.

அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் கோட்டயத்தில் பிறந்த ஜேக்கப் சாண்டி. 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியவர் அவரே. 1952இலேயே வேலூரில் வலிப்புக்கான அறுவை நடந்துவிட்டது. பின்னர் 1990களில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் டாக்டர் கே. இராதாகிருஷ்ணன் தலைமையில் உருவான வலிப்பு அறுவைத் திட்டம், இத்தகைய சிகிச்சையை வளர்ந்த நாடுகளுக்கு வெளியிலும் தரமாகச் செய்ய முடியும் என்று காட்டியது. 2001இல் கனடாவிலிருந்து வெளியான ஒரு சோதனையில், மருந்துக்குக் கட்டுப்படாத பொட்டுமடல் வலிப்பு கொண்ட 80 பேரில் அறுவைக்கு ஒதுக்கப்பட்டோருள் 58 விழுக்காட்டினர் ஓராண்டில் நினைவைப் பாதிக்கும் வலிப்புகளிலிருந்து விடுபட்டனர்; மருந்தை மட்டும் தொடர்ந்தோரில் அது 8 விழுக்காடு. வலிப்புக்குப் புறணியில் ஒரு பிறப்பிடம் உண்டு என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

ஆனால் அதே மான்ட்ரியலில்தான் இன்னொரு கேள்வியும் எழுந்தது. சில குழந்தைகள் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சை நிறுத்தி, பத்து நொடி வெறித்துப் பார்த்து, பிறகு ஒன்றும் நடவாததுபோல் தொடர்வார்கள். வகுப்பில் 'கவனமில்லாத பிள்ளை' என்று திட்டு வாங்கும் குழந்தைகளில் சிலருக்கு இருப்பது இந்த ஆப்சென்ஸ் வலிப்பு. 1935இல் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகியோர் அப்போது எடுத்த மூளை மின்னலைப் பதிவில், நொடிக்கு மூன்று என்ற ஒழுங்கில், மூளையின் இருபுறமும் ஒரே கணத்தில் கூர்முனையும் அலையும் மாறிமாறித் தோன்றுவதைக் கண்டனர். புறணியின் ஒரு மூலையில் பற்றிய தீ இரு அரைக்கோளங்களையும் ஒரே நொடியில் எப்படிப் பற்றும்? பென்ஃபீல்டும் அவருடைய சகா ஹெர்பர்ட் ஜாஸ்பரும் இரண்டுக்கும் பொதுவான ஓர் ஆழ்மையம் இருக்க வேண்டும் என்று கருதினர். 1940களின் பிற்பகுதியில் ஜாஸ்பர் பூனைகளின் தலாமஸின் நடுப்பகுதியை நொடிக்கு மூன்று முறை மின்னால் தூண்டியபோது, இரு புறணிகளிலும் அதே கூர்முனை–அலை வடிவம் தோன்றியது.

மாணவர்களுக்காகத் தலாமஸைப் பற்றிச் சற்று விளக்குகிறேன். மூளையின் நடுவே இடமும் வலமுமாக இரண்டு முட்டை வடிவத் திரள்கள் உள்ளன. மணத்தைத் தவிர ஏறத்தாழ எல்லாப் புலன்செய்திகளும் இவற்றின் வழியாகவே புறணிக்குச் செல்கின்றன. ஆனால் இதைத் தபால் நிலையம் என்று மட்டும் எண்ணுவது பிழை. புறணியிலிருந்து தலாமஸுக்குத் திரும்பி வரும் இழைகள், தலாமஸிலிருந்து புறணிக்குச் செல்லும் இழைகளைவிட எண்ணிக்கையில் மிகுதி. இரண்டும் ஓயாது உரையாடும் சுற்று அது. தலாமஸைப் போர்வைபோல் சுற்றி, மெல்லிய நரம்பணு அடுக்கு ஒன்று உள்ளது. அதை வலைக்கரு எனலாம். அதன் அணுக்கள் காபா என்னும் வேதிப்பொருளால் தலாமஸின் அணுக்களை அடக்குகின்றன. எச்செய்தியை விடுவது, எதைத் தடுப்பது என்பதில் வாயிற்காவலன் வேலை அதனுடையது.

இங்கே ஒரு விந்தை இருக்கிறது. அடக்கினால் அடங்கும் என்பது நம் பொதுப்புத்தி. தலாமஸின் அணு அப்படி நடந்துகொள்வதில்லை. அதை ஆழமாக அடக்கினால், அதன் சவ்விலுள்ள டி வகைக் கால்சியம் கால்வாய்கள் மீண்டும் திறக்கத் தயாராகிவிடுகின்றன. அடக்குதல் நீங்கும் கணத்தில் அணு ஒரு கொத்து மின்துடிப்புகளை வெளியேற்றுகிறது. அந்தக் கொத்து புறணியைத் தூண்டும்; புறணி வலைக்கருவைத் தூண்டும்; வலைக்கரு தலாமஸை மறுபடி அடக்கும்; மறுபடி கொத்து. உறக்கத்தின் தொடக்கத்தில் நம் எல்லோருடைய மூளையிலும் இந்தச் சுற்று அளவோடு சுழன்று, நூற்கும் கதிரின் வடிவில் பருத்துச் சிறுக்கும் உறக்க அலைகளை உண்டாக்குகிறது. அளவு கெட்டால் அதே சுற்று கூர்முனை–அலையாகத் திரிகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1989இல் கூல்ட்டர், ஹ்யூகனார்டு, பிரின்ஸ் ஆகியோர் எத்தோசக்சிமைடு என்ற பழைய மருந்து தலாமஸ் அணுக்களின் டி வகைக் கால்சியம் மின்னோட்டத்தைக் குறைக்கிறது என்று காட்டினர். ஆப்சென்ஸ் வலிப்புக்கு அந்த மருந்து ஏன் பயன்படுகிறது என்பது அப்போதுதான் விளங்கியது. மறுபுறம், காபாவின் அளவைக் கூட்டும் விகாபாட்ரின் போன்ற மருந்துகள் சில வகை வலிப்புகளை அடக்கும். ஆப்சென்ஸ் வலிப்பை மோசமாக்கும். வாயிற்காவலனை அறியாமல் மருந்து கொடுத்தால் மருந்தே வலிப்பைக் கூட்டிவிடும்.

அப்படியானால் ஆழ்மையம்தான் அரசன், புறணி வெறும் குடிமகனா? அதுவும் இல்லை. மான்ட்ரியலிலேயே பீட்டர் குளூர், புறணியின் மிகைத் தூண்டலும் தலாமஸின் அலைகளும் சேர்ந்தே இவ்வகை வலிப்பை உண்டாக்குகின்றன என்று 1960களின் இறுதியில் எழுதினார். 2002இல் மீரன் என்பவரும் உடன் ஆய்வாளர்களும், மரபுவழி ஆப்சென்ஸ் வலிப்பு உள்ள எலிகளில் ஒவ்வொரு வலிப்பின் முதல் அரை நொடியையும் அலசினர். தொடக்கம் புறணியில்தான், அதிலும் வாயைச் சுற்றிய தொடுவுணர்வுக்குரிய சிறு இடத்தில், இருந்தது. அந்த அரை நொடிக்குப் பிறகு புறணியும் தலாமஸும் மாறிமாறி முன்செல்லத் தொடங்கின. யார் நடத்துகிறார், யார் பின்தொடர்கிறார் என்று பிரிக்க முடியவில்லை. நூறாண்டு விவாதத்தின் சாரமாக நான் இதைத்தான் கொள்கிறேன்: பற்றவைப்பது புறணியாக இருக்கலாம், எரிவதைத் தொடரச் செய்வதும் நிறுத்துவதும் சுற்று முழுவதின் வேலை.

ஆழ்பகுதிகளின் பங்கு ஆப்சென்ஸ் வலிப்போடு முடிந்துவிடவில்லை என்பதற்கு மூன்று சான்றுகள்.

முதலாவது, 1982இல் இயடரோலாவும் கேலும் செய்த ஆய்வு. நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா எனப்படும் கருநிறப் பகுதியை நாம் பார்க்கின்சன் நோயோடு மட்டும் தொடர்புபடுத்திப் பழகியிருக்கிறோம். எலிகளில் அந்தப் பகுதிக்குள் காபாவைப் போலச் செயல்படும் மருந்தைச் செலுத்தியபோது, வேறு வேறு வழிகளில் தூண்டப்பட்ட வலிப்புகள் தடுக்கப்பட்டன. புறணியைத் தொடாமலேயே புறணியின் வலிப்பை ஆழத்திலிருந்து அடக்க முடிந்தது.

இரண்டாவது, 2013இல் ஜீன் பாஸும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு. எலிகளின் புறணியில் பக்கவாதத்தை ஒத்த காயம் உண்டானபின் வலிப்பு வரத் தொடங்கியது. காயம் புறணியில், ஆனால் அதனோடு இணைந்த தலாமஸ் அணுக்களும் மிகைத் தூண்டலுக்கு ஆளாகியிருந்தன. வலிப்பு தொடங்கியதைக் கருவி உணர்ந்த உடனே ஒளியால் அந்தத் தலாமஸ் அணுக்களை அடக்கினார்கள், வலிப்பு அறுபட்டது. பக்கவாதத்திற்குப் பின் வலிப்புக்கு ஆளாகும் முதியவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு என்பதால் இந்த ஆய்வைச் சிறப்பாகச் சொல்கிறேன்.

மூன்றாவது, நினைவிழப்பு பற்றியது. பொட்டுமடலின் ஒரு பக்கத்தில் மட்டும் நிகழும் வலிப்பில் நினைவு ஏன் தப்புகிறது? யேல் பல்கலைக்கழகத்தின் ஹால் புளூமென்ஃபெல்டு குழுவினர் தரும் விளக்கம் இது: வலிப்பு மூளைத்தண்டு, தலாமஸ் ஆகியவற்றின் விழிப்பூட்டும் அமைப்பை அடக்கிவிடுகிறது; அங்கிருந்து வரவேண்டிய உள்ளீடு நின்றதும், வலிப்பே எட்டாத புறணிப் பகுதிகளும் ஆழ்ந்த உறக்கத்தை ஒத்த மெதுவான அலைகளுக்குள் விழுகின்றன. விழிப்பு என்பது மூளைத்தண்டிலிருந்து மேலெழும் உள்ளீட்டால் காக்கப்படுவது என்று 1949இல் மொருஸியும் மகூனும் காட்டியதன் மறுபக்கம் இது.

இந்த அறிவு மருத்துவமனைக்கும் வந்துவிட்டது. தலாமஸின் முன்கருவில் இருபுறமும் மின்முனை பதித்துத் தூண்டும் சிகிச்சையை அமெரிக்காவில் 110 பேரிடம் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டனர். தூண்டல் பெற்றோரிடம் வலிப்பு நடுவளவாக 40 விழுக்காடு குறைந்தது. மின்முனை இருந்தும் தூண்டல் பெறாதோரிடம் 14.5 விழுக்காடு. இரண்டாண்டு முடிவில் குறைவு 56 விழுக்காடாகவும், ஐந்தாண்டில் 69 விழுக்காடாகவும் இருந்தது. 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு ஒப்புதல் அளித்தது. வலிப்பு முற்றும் நின்றவர்கள் சிலரே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆழ்மூளையைத் தொடுவதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா ஆகியோர் 1960களிலும் 1970களிலும் ஆழ்மூளை அறுவையில் முன்னோடிகளாக இருந்தனர். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர் என்று போற்றப்படும் கனகா, 1970களிலேயே மூளைக்குள் மின்முனைகளை நிலையாகப் பதித்தவர். அதே காலத்தில் அங்கே கட்டுக்கடங்காத நடத்தைக்காகவும் அமிக்டலா போன்ற ஆழ்பகுதிகள் அழிக்கப்பட்டன. 'அமைதிப்படுத்தும் நரம்பியல் அறுவை' என்றே அதற்குப் பெயரிட்டார்கள். இன்றைய அறவியல் குழு எதுவும் அதை எளிதில் ஏற்காது. அன்றைய மருத்துவர்களைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. ஆழ்பகுதியின் மீது கைவைக்கும் திறன், அதைப் புரிந்துகொள்ளும் அறிவைவிட முன்னே ஓடிவிடக்கூடும் என்பதற்கு நம் வீட்டுச் சான்று அது.

இப்போது எல்லைக்கு வருகிறேன்.

தேனி மாவட்டத்தின் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குப் பெண்கள் அன்றாடம் ஜீப்புகளில் மலையேறுகிறார்கள். விடியுமுன் எழுந்து, வீட்டுக்குச் சமைத்து வைத்துவிட்டு, இருட்டிலேயே வண்டி ஏறி, மாலை இருட்டும் நேரத்தில் வீடு திரும்பும் வாழ்க்கை அது. பாலக்காட்டுப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையிலும், வாளையாறு தாண்டிக் கோவையின் ஆலைகளிலும் முறைவேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இவர்களுள் வலிப்பு உள்ளவர்களும் இருப்பார்கள். கேரளத்தின் நடுப்பகுதியில் இராதாகிருஷ்ணன் குழுவினர் 2,38,102 பேரைக் கணக்கெடுத்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஐவருக்கு வலிப்பு நோய் இருந்தது. எழுத்தறிவும் மருத்துவ வசதியும் மிகுந்த கேரளத்திலேயே அவர்களில் 38 விழுக்காட்டினர் சிகிச்சையில் இல்லை.

உறக்கம் குறைந்தால் வலிப்பு வரும் என்பது எல்லா நரம்பியல் மருத்துவருக்கும் தெரியும். மண்டைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு செலுத்திப் பார்த்தால், விழித்திருக்கும் நேரம் நீள நீளப் புறணியின் தூண்டப்படும் தன்மை ஏறுவது தெரிகிறது. இதில் மிகுந்த பாதிப்புக்கு உள்ளாவது, 1957இல் ஜெர்மானிய மருத்துவர் யான்ஸ் விரிவாக விவரித்த இளம்பருவத் துள்ளல் வலிப்பு. பதின்பருவத்தில் தொடங்கும், உறங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் கைகள் திடீரெனத் துள்ளும், கையிலிருக்கும் தேநீர்க் குவளை தெறித்து விழும். கண்விழித்த இரவுக்கு மறுநாள் காலையில் பெருவலிப்பே வரும். புறணியும் தலாமஸும் கொண்ட சுற்றின் கோளாறாகவே இது இன்று பார்க்கப்படுகிறது. உறக்கத்திலிருந்து விழிப்புக்கு மூளை மாறும் அந்த நேரம், அதாவது ஆழ்பகுதிகளின் உள்ளீடு தன் தாளத்தை மாற்றும் நேரம், இவர்களுக்கு ஆபத்தான நேரம். நம் எல்லையோரத்தில் அதே நேரத்தில்தான் அடுப்பு பற்றவைக்கப்படுகிறது, ஜீப்பும் புறப்படுகிறது.

காலையில் கை துள்ளுவதை எவரும் நோயாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள். கேட்காமல் விட்டால், பெருவலிப்பை மட்டும் வைத்து, விலை குறைந்தது என்பதற்காகக் கார்பமசிபின் எழுதப்படலாம். அந்த மருந்து இந்த வகை வலிப்பில் துள்ளலைக் கூட்டிவிடக்கூடும். நன்கு வேலைசெய்யும் வால்புரோயேட்டோ கருவுறும் பெண்களுக்கு ஆபத்தானது. சிசுவுக்கு ஊனம் உண்டாக்கக்கூடியது. கருவுற்ற வலிப்பு நோயாளிகளுக்கென 1998 முதல் திருவனந்தபுரத்தில் ஒரு பதிவேடே இயங்கி வருகிறது. வயது, பாலினம், உறக்கம், வேலை நேரம் ஆகிய நான்கையும் சேர்த்துக் கேட்டால்தான் சரியான மருந்தை எழுத முடியும்.

நண்பர்கள் சிலர் என்னிடம் முன்வைக்கும் மறுப்பு இது: மாத்திரையே கிடைக்காத இடத்தில் தலாமஸைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம், முதலில் மருந்து சேரட்டும், சுற்றும் கோட்பாடும் பிறகு பார்க்கலாம். மருந்து முதலில் சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் எந்த மருந்து, எந்நேரத்தில், எதனோடு சேர்த்து என்று முடிவுசெய்வதே அந்தக் கோட்பாடுதான். பல இலட்சம் ரூபாய் செலவாகும் மின்முனை நம் தோட்டத் தொழிலாளிக்கு எட்டாது. உறக்கத்தைப் பற்றிய ஒரு கேள்விக்குச் செலவே இல்லை. ஆழ்மூளை ஆய்வின் பயன் கருவியாக மட்டுமே வரவேண்டும் என்பதில்லை.

இன்னொரு மறுப்பு நேர்மையானது. 'நன்றாகத் தூங்குங்கள்' என்று மருத்துவர் சொல்லிவிட்டால் அந்தப் பெண் தூங்கிவிட முடியுமா? முடியாது. ஜீப்பின் நேரத்தை அவள் தீர்மானிப்பதில்லை. நோயை வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்ற அச்சமும் உண்டு. திருமணம் நின்றுவிடும் என்ற அச்சமும் உண்டு. இந்து திருமணச் சட்டமே 1999இன் திருத்தம்வரை வலிப்பைப் பித்தோடு சேர்த்து வைத்திருந்தது. ஆகவே உறக்கத்தைப் பற்றிய அறிவுரையை நோயாளியின் தலையில் மட்டும் சுமத்துவது அறமாகாது. இரவு முறையிலிருந்து விலக்கு, தாமதமாகத் தொடங்கும் வேலை ஆகியவற்றை மருத்துவச் சான்றின்மேல் பெறும் உரிமையாகக் கேட்க வேண்டும். அந்தக் கோரிக்கைக்கு அறிவியல் அடிப்படை தருவது நம் போன்றோரின் கடமை.

நிற்கும் வழி தோற்றுப்போகும் வலிப்பைப் பற்றியும் ஒரு சொல். ஐந்து நிமிடங்களைத் தாண்டும் பெருவலிப்பு தானாக நிற்கும் வாய்ப்புக் குறைவு. முப்பது நிமிடங்களைத் தாண்டினால் மூளைக்கு நிலைத்த கேடு நேரலாம் என்று உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2015இல் வரையறுத்தது. வலிப்பு நீள நீள, காபாவை ஏற்கும் புரதங்கள் நரம்பணுவின் சவ்விலிருந்து உள்ளே இழுக்கப்படுகின்றன; தாமதமாகக் கொடுக்கும் மருந்து அதனால் வலுவிழக்கிறது. மலைச்சாலையில் ஒரு மணி நேரம் கீழிறங்கி மருத்துவமனை சேரும் நோயாளிக்கு அந்த முப்பது நிமிடங்கள் வழியிலேயே கழிந்துவிடும். மூக்கில் தெளிக்கும் மிடசோலம் நம் நாட்டில் கிடைக்கிறது. தோட்ட மருந்தகங்களிலும், எல்லையோரத் தொடக்கச் சுகாதார நிலையங்களிலும், ஆஷா பணியாளர்களிடமும் அது இருக்க வேண்டும். சாவிக்கு மாற்றாகக் கூட்டத்தின் கையில் கொடுக்க நம்மிடம் ஒன்று இருக்கிறது, இன்னும் கொடுக்கவில்லை.

ஆய்வு மாணவர்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: மூளை மின்னலைப் பதிவு எடுக்கும்போது உறக்கத்தையும் சேர்த்துப் பதியுங்கள். பகலில் இருபது நிமிடம் எடுத்த பதிவில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. முந்தைய இரவு எத்தனை மணி நேரம் உறங்கினார் என்ற குறிப்பு இல்லாத பதிவை முழுமையற்றது என்று கருதுங்கள்.

இரண்டு: தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் வட்டங்களின் தமிழர்களிடம் தமிழில் வினாத்தாள் கொண்டு செல்லுங்கள். மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும் படிவம் 'காலையில் கை வெட்டி வெட்டி இழுக்குது' என்ற வாக்கியத்தைப் பிடிக்காது. நோயறிதல் அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. ஒரே நோயாளி கீழே தேனியில் ஒரு சீட்டும் மேலே இடுக்கியில் ஒரு சீட்டும் வைத்திருப்பார். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் ஆய்வு தேவை.

மூன்று: விலங்குகளில் ஆழ்பகுதிகளைத் தூண்டியோ அடக்கியோ ஆராய்பவர்கள், விலங்கின் உறக்க–விழிப்பு நிலையைத் தரவிலிருந்து 'இரைச்சல்' என்று கழித்துவிடாதீர்கள். அது இரைச்சல் அன்று. நாம் தேடும் உள்ளீட்டின் ஒரு முகம்.

நான் சொன்னவற்றில் சில தவறாக இருக்கலாம். புறணிப் பக்கம் நிற்கும் நண்பர்கள் கீழே மறுத்து எழுதுங்கள், உரையாடலாம். ஆனால் அடுத்தமுறை எல்லையோரத்திலிருந்து ஒரு பெண் வலிப்பு என்று வந்து உங்கள் முன் அமர்ந்தால், வலிப்பு எந்தக் கையில் தொடங்கியது என்று கேட்டபின், இன்னொன்றையும் கேளுங்கள்: 'நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீங்க, எத்தனை மணிக்கு எழுந்தீங்க அம்மா?' அவர் சொல்லும் விடையைச் சீட்டில் எழுதி வையுங்கள்.